பதினோராவது மாடியும் அத்தையின் கண்ணாடி ஓடும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காப்பியை இன்னும் ஒரு வாய் கூடக் குடிக்கவில்லை, கரமனையிலிருந்து அத்தை போன். வழக்கமாக "குழந்தைகள் எப்படி இருக்கா, அங்கே பனி கொட்டறதா" என்றுதான் ஆரம்பிப்பாள். இந்தத் தடவை எடுத்த எடுப்பிலேயே, "எடா, உன்னோட பில்டிங்ல அந்த லைட்டை ஒண்ணு அணைக்கச் சொல்லேன், கேட்டியா" என்றாள்.

"என்னோட பில்டிங்" என்று அத்தை சொல்வது எங்கள் அக்ரஹாரத்துக்குப் பின்பக்கம் எழும்பியிருக்கும் பதினாறு மாடிக் குடியிருப்பை. அதில் பதினோராவது மாடியில் மூணு பெட்ரூம் ஃபிளாட் ஒன்று எனக்குச் சொந்தம். (எனக்கும் பாங்க்குக்கும் சொந்தம் என்று சொன்னால் சரியாக இருக்கும்.) மீதி அத்தனை வீட்டுக்காரர்களையும் அத்தைக்குத் தெரியாது. அதனால் அந்தக் கட்டிடம் செய்கிற எல்லாப் பாவத்துக்கும் நான்தான் பொறுப்பு.

பதினாறு மாடியை ஸ்கைஸ்கிரேப்பர் என்று சொன்னால் இங்கே ஆபீஸில் சிரிப்பார்கள். ஆனால் ஓட்டுக் கூரை வீடுகள் வரிசையாக நிற்கிற தெருவுக்குப் பக்கத்தில் பதினாறு மாடி நின்றால் அது ஆகாசத்தைத்தான் சுரண்டுகிறது. அதற்கு இப்போது புதிதாக அலங்காரம் பண்ணியிருக்கிறார்கள். கீழிருந்து மேல் வரைக்கும் நெட்டுக்குத்தாக எல்.ஈ.டி பட்டைகள், உச்சியில் கிரீடம் மாதிரி ஒரு வளையம், அதற்கு மேலே கட்டினவர்களின் பெயர்ப்பலகை. பட்டைகள் கலர் மாறும். நீலம், வயலட், பச்சை, ரோஸ், மறுபடியும் நீலம்.

"ராத்திரி ஒண்ணரை மணிக்கு முழிச்சுப் பாத்தா என்னோட சுவர் பச்சையா இருக்கு. திரும்பிப் படுத்தா ரோஸ். உற்சவம்னா பத்து நாள்ல ஆறாட்டு ஆயிடும். இதுக்கு ஆறாட்டே கிடையாதோ?"

நான் சிரித்துவிட்டேன். அத்தை சிரிக்கவில்லை. எழுபத்தெட்டு வயது. தூக்கம் ஏற்கெனவே நாலு மணி நேரம்தான். அந்த நாலு மணி நேரமும் போய் மூணு மாசமாகிறதாம். இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம், "நீ ஆசையா வாங்கின எடம், எதுக்கு குத்தம் சொல்லணும்னு."

இப்போது ஒரு பாவமன்னிப்பு. அந்த விளக்குகளைப் போடலாமா வேண்டாமா என்று வீட்டுக்காரர்கள் சங்கத்தின் ஆன்லைன் மீட்டிங்கில் கேட்டபோது, போடலாம் என்று கையைத் தூக்கினவர்களில் நானும் ஒருவன். ராத்திரி பதினொண்ணரை மணி, மறுநாள் ஆபீஸ், அரைத் தூக்கம். ஸ்கிரீனில் ஒரு படம் காட்டினார்கள். கருநீல வானம், மின்னுகிற கட்டிடம், கீழே கரமனையாறு மாதிரி ஏதோ ஒன்று, அதில் கட்டிடத்தின் பிம்பம். எங்கள் தெரு அந்தப் படத்தில் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் கம்ப்யூட்டர் தென்னை மரங்கள் நின்றன. நான் பிறந்த வீட்டின் மேல் ஒரு தென்னந்தோப்பை நட்டுவிட்டார்கள், நானும் சூப்பர் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

அந்த மீட்டிங்கில் வந்த அபிப்பிராயங்களை யோசித்துப் பார்க்கிறேன். துபாய்க்காரர் ஒருவர், ரோட்டில் போகிறவன் நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்றார். ஒருவர் மறுவிற்பனை விலை என்றார். ஒருவருக்கு ட்ரோன் வீடியோ எடுத்து மாமனாருக்கு அனுப்ப வேண்டும். நிஜமாகவே அங்கே குடியிருக்கிற ஒரு மாமி மட்டும், பால்கனியில் பூச்சி அடையும், கரண்ட் பில்லை யார் கட்டுவது என்று கேட்டார். மெயின்டனன்ஸில் வந்துவிடும் மாமி என்று அவர் வாயை அடைத்தோம். பின்பக்கத் தெருவில் இருக்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அந்தத் தெருவிலிருந்து வந்த நானே கேட்கவில்லை, மற்றவர்களைச் சொல்லி என்ன?

கொஞ்சம் கொசுவத்தி சுற்றுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கரமனை அக்ரஹாரத்து வீடுகளைப் பார்க்காதவர்களுக்காக. வாசலில் திண்ணை, உள்ளே போனால் ரேழி, கூடம், நடுவில் முற்றம், பின்னால் அடுக்களை, கொல்லை, கிணறு. அகலம் கொஞ்சம், நீளம் நிறைய. பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர் என்பதால் பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியில்லை. வெளிச்சம் வர வேண்டுமென்றால் மேலே இருந்துதான் வரவேண்டும். முற்றம் ஒரு வழி. இன்னொரு வழி கண்ணாடி ஓடு. நாட்டு ஓட்டுக்கு நடுவே அதே அளவில் கண்ணாடியில் ஒன்றோ இரண்டோ பதித்துவிடுவார்கள். பகலில் அந்த உள்ளறைக்கு அதுதான் பல்பு. வெயில் ஒரு சதுரமாக விழுந்து, காலையில் மேற்குச் சுவரில் ஆரம்பித்து, மத்தியானம் தரைக்கு வந்து, சாயங்காலம் அரிசிப் பெட்டி மேல் ஏறும். அந்தச் சதுரம் எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் பாட்டி உலை வைப்பாள். பௌர்ணமிக்கு முன்னே பின்னே இரண்டு நாள் ராத்திரியிலும் ஒரு மங்கலான சதுரம் விழும்.

அத்தை படுத்துக்கொள்வது அந்த அறையில். அவள் சுவரில் பச்சையும் ரோஸுமாக மாறுவது அதே சதுரம்தான்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வளர்ந்த மலையாள நாட்டுத் தமிழர்களுக்கு லோட் ஷெடிங் ஞாபகம் இருக்கும். சாயங்காலம் அரை மணி நேரம் கரண்ட் போகும். எல்லா வீட்டிலிருந்தும் எல்லோரும் விசிறியோடு திண்ணைக்கு வந்துவிடுவார்கள். பரீட்சைக்குப் படிக்காமல் இருக்க அரசாங்கமே கொடுத்த அனுமதி அது. அந்த அரை மணியில் தெருவுக்கு மேலே எத்தனை நட்சத்திரம் இருந்தது என்று இப்போது நினைத்தால் நம்ப முடியவில்லை. ஆற்றுப் பக்கம் போனால் மின்மினி. மின்மினிக்கு வெளிச்சம்தான் பாஷை, ஜோடியைக் கூப்பிடுவதே அதனால்தான். பக்கத்தில் இவ்வளவு பெரிய விளக்கு கத்திக்கொண்டிருந்தால் அது என்ன பேசும்? மின்மினியைப் பார்த்து எத்தனை வருஷமோ ஆச்சு என்கிறாள் அத்தை. அதற்கும் என் பில்டிங்தான் காரணம் என்று சொல்லவில்லை, அந்த மட்டும் தப்பித்தேன்.

நியாயமாக எழுத வேண்டுமென்றால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கரமனையில் எல்லோருக்கும் அந்த விளக்கு பிடிக்கவில்லை என்று நான் சொன்னால் அது பொய். அத்தை வீட்டில் வேலை செய்கிற சேச்சிக்கு ரொம்ப இஷ்டம். பேரனைத் தூக்கிக்கொண்டு பாலத்துப் பக்கம் வந்து காட்டுவாளாம். ஆட்டோக்காரர்களுக்கு அடையாளம் சொல்ல வசதி. முக்கில் தட்டுக்கடை போட்டிருப்பவருக்கு ராத்திரி கூட்டம் கூடியிருக்கிறதாம். "நம்ம கரமனைக்கும் இப்படி ஒண்ணு வந்ததே" என்று பெருமைப்படுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் ரசனை மட்டம், என் ரசனை ஒஸ்தி என்று சொல்ல நான் தயாரில்லை. நானே அந்தப் படத்தைப் பார்த்து மயங்கினவன். ஆனால் பாலத்தில் நின்று பார்க்கிறவர் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு இருட்டான தன் வீட்டுக்குத் தூங்கப் போகிறார். அத்தைக்குப் போக வேறு இடம் இல்லை.

நான் குடியிருப்பது கனடாவில், மிசிசாகாவில். இங்கே எங்கள் ஊர் அடையாளமே இரண்டு குடியிருப்புக் கோபுரங்கள்தான். அப்சல்யூட் வேர்ல்ட் என்று பெயர். ஸ்கொயர் ஒன் மாலுக்குப் பக்கத்தில் பர்ன்ஹம்தார்ப் - ஹுரான்டாரியோ சந்திப்பில் நிற்கின்றன. ஒன்று 56 மாடி, இன்னொன்று 50. சர்வதேசப் போட்டி வைத்து 2006-ல் சீனக் கட்டடக் கலைஞர் மா யான்சாங்கின் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். முதலில் ஒரு கோபுரம்தான் திட்டம். அது மளமளவென்று விற்றுத் தீர்ந்ததில் இரண்டாவது வந்தது. 2012-ல் கட்டி முடித்தார்கள், அதே வருஷம் அமெரிக்கக் கண்டங்களின் சிறந்த உயர்ந்த கட்டிடம் என்று விருதும் கிடைத்தது. ஒவ்வொரு மாடியும் ஒரு நீள்வட்டம். அதைக் கீழே இருப்பதிலிருந்து கொஞ்சம் திருப்பி வைத்து, மறுபடி கொஞ்சம் திருப்பி வைத்து, உச்சிக்குப் போவதற்குள் பெரிய கோபுரம் 209 டிகிரி முறுக்கிக்கொள்கிறது. சீடையும் தேன்குழலும் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு முறுக்குதான் ஞாபகம் வந்தது. இந்த ஊர்க்காரர்களுக்கு மர்லின் மன்றோ ஞாபகம் வந்தது! கட்டுகிறவர்கள் வைத்த பெயரை விட ஜனங்கள் வைத்த அந்தப் பெயர்தான் இன்று வரை நிலைத்திருக்கிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் நயாகராவுக்கு முன்னால் அங்கே கூட்டிப்போய் நிறுத்தி ஒரு போட்டோ எடுப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

அந்த வடிவம் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்றில்லை. வளைந்த சுவரில் பீரோவை எப்படி ஒட்டி வைப்பது என்று கேட்ட மாமாவை எனக்குத் தெரியும். நான் சொல்ல வருவது அழகைப் பற்றி அல்ல. இந்த மாகாணத்தில் ஒரு நிலத்தின் உபயோகத்தையோ உயரத்தையோ மாற்ற விதியைத் திருத்த வேண்டுமென்றால், முதலில் அந்த இடத்திலேயே ஒரு பெரிய அறிவிப்புப் பலகையை நட வேண்டும். என்ன வரப்போகிறது, எத்தனை மாடி, யாரிடம் கருத்துச் சொல்வது எல்லாம் அதில் இருக்கும். பிறகு பொதுமக்கள் கூட்டம் ஒன்று நடத்தியே ஆக வேண்டும், சட்டம். உயரக் கட்டிடமென்றால் மிசிசாகா நகராட்சி நிழல் ஆய்வும் கேட்டு வந்தது. ஜூனில், செப்டம்பரில், டிசம்பரில், எந்த மணிக்கு யார் வீட்டுக் கொல்லையில் உன் நிழல் விழும் என்று வரைந்து காட்டு என்று. நான் அந்த மாதிரி ஒரு கூட்டத்துக்கு ஒரு தடவை போயிருக்கிறேன். எண்பது வயதுப் பாட்டி ஒருத்தி எழுந்து, என் தக்காளிச் செடிக்கு வெயில் போய்விடும் என்று ஐந்து நிமிஷம் பேசினாள். கட்டுகிறவர்களின் ஆள் கோட்டு சூட்டோடு நின்று குறிப்பெடுத்துக்கொண்டார். கட்டிடம் வந்ததா என்றால் வந்தது. ஆனால் அந்தப் பாட்டி பேசினது பதிவில் இருக்கிறது, அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

நிழலை வரைந்து காட்டச் சொன்ன மாதிரி வெளிச்சத்துக்கும் இங்கே கணக்கு உண்டு. உன் விளக்கு பக்கத்து வீட்டுக்குள் அடிக்கக்கூடாது என்று மிசிசாகாவில் தனியாக ஒரு விதியே இருக்கிறது. இங்கிலாந்தில் 2006-லிருந்து, புகை, இரைச்சல் மாதிரியே செயற்கை வெளிச்சமும் தொந்தரவுதான், புகார் கொடுத்தால் கவுன்சில் விசாரிக்க வேண்டும். பிரான்சில் 2013 ஜூலையிலிருந்து கட்டிடங்களின் முகப்பு விளக்குகளை அதிகபட்சம் ராத்திரி ஒரு மணிக்குள் அணைத்துவிட வேண்டும். வெளிச்ச நகரம் என்று பெயர் வாங்கின பாரீஸை வைத்திருக்கிற நாடு! பக்கத்து டொராண்டோவில் 1993-லேயே பறவைகளுக்காக ஒரு அமைப்பு ஆரம்பித்தார்கள். ராத்திரியில் வலசை போகிற குருவிகள் உயரக் கட்டிடங்களின் வெளிச்சத்தில் குழம்பிக் கண்ணாடியில் மோதிச் சாகும். விடியுமுன்னே தொண்டர்கள் காகிதப் பையோடு போய்ப் பொறுக்குவார்கள், உயிர் இருந்தால் வைத்தியம், இல்லாவிட்டால் கணக்கு. குருவிக்குக் கிடைக்கிற மரியாதை அத்தைக்குக் கிடைக்கக் கூடாதா என்று தங்கமணி கேட்டாள். அவள் கேட்டால் அதில் ஊமைக்குத்து ஒன்று இருக்கும். லைட்டுக்குக் கை தூக்கினபோது அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

நம் ஊரில் விதியே இல்லை என்று சொல்ல மாட்டேன். எத்தனை அடி தள்ளிக் கட்ட வேண்டும், எத்தனை கார் நிறுத்த வேண்டும், தீயணைப்பு, மழைநீர் என்று கேரளத்துக் கட்டிட விதிகள் 1999-ல் ஒரு தடவை வந்து, 2019-ல் புதுப்பிக்கப்பட்டன. ஆனால் பக்கத்தில் இருக்கிறவனுக்கு அது எப்படித் தெரியும், எப்படிப் படும் என்று முன்னாலேயே உட்கார்ந்து பேசுகிற வழக்கம் நமக்கு இல்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் நமக்கு அபிப்பிராயம் வரும். மரடு ஞாபகம் இருக்கிறதா? கடலோர விதியை மீறிக் கட்டினது என்று 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் கொச்சிக்குப் பக்கத்தில் நாலு அடுக்குமாடிக் குடியிருப்புகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். டிவியில் நேரலை. அன்றைக்குக் கேரளமே கருத்துச் சொன்னது. கட்டின வருஷங்களில் அந்தக் காயலோரத்து ஜனங்களிடம் யாராவது கருத்துக் கேட்டார்களா?

இனி என்னை அதிகம் உறுத்துகிற விஷயம். அந்த மீட்டிங்குக்கு அப்புறம் ஒருநாள் அத்தை பக்கத்து வீட்டுப் பையனை விட்டு மொட்டை மாடியிலிருந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள். ராத்திரி எட்டு மணி. வெளியே பட்டைகள் ஜொலிக்கின்றன. உள்ளே பார்த்தால் ஜன்னல்கள் முக்கால்வாசி இருட்டு. நான் பெரிதாக்கி எண்ணிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் விளக்கு எரிகிற வீடு பதினொன்று. பதினோராவது மாடியில் என் வீடும் இருட்டு. நாலு வருஷமாக அதில் நாங்கள் மொத்தம் ஐந்து வாரம் இருந்திருப்போம். அந்த ஐந்து வாரமும் எனக்கு அந்த விளக்குகள் கண்ணில் பட்டிருக்காது. கட்டிடத்துக்குள் இருக்கிறவனுக்குக் கட்டிடம் தெரியாதே. ஏசி போட்டு, கனத்த திரையை இழுத்து விட்டுத் தூங்குவோம்.

உங்களில் எத்தனை பேர் ஊரில் ஒரு ஃபிளாட்டை வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள். நானும் தூக்கியிருக்கிறேன். சாவி மச்சினரிடமோ வாட்ச்மேனிடமோ இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை போய்க் குழாயைத் திறந்தால் துருத் தண்ணீர் வரும். இது நம்முடைய தனிப்பட்ட வியாதி என்று நினைத்திருந்தேன். நியூயார்க்கில் சென்ட்ரல் பார்க்குக்குத் தெற்கே பென்சில் மாதிரி நிற்கிற பணக்காரக் கோபுரங்களுக்கும் இதே பேச்சுத்தான். 2015-ல் முடிந்த 432 பார்க் அவென்யூ, சுமார் 426 மீட்டர் உயரம், சதுரச் சதுரமான ஜன்னல்கள். அதன் வடிவத்துக்கு ஒரு பழைய குப்பைக்கூடையின் டிசைன் தூண்டுதல் என்று ஒரு கதை வெளியாகி, நகரமே கேலி பண்ணியது. வாங்கினவர்களில் பல பேர் அங்கே குடியிருப்பதில்லை, ராத்திரியில் ஜன்னல்கள் இருட்டு என்பது அந்த ஊர்க்காரர்களின் நிரந்தரப் புகார். எவன் வீட்டுக்கோ நாங்கள் பார்க்கில் நிழலைத் தாங்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். எத்தனையோ கோடி டாலர் கொடுத்து வாங்கினவர்களும் நானும் ஒரே கட்சி என்பதில் கொஞ்சம் பெருமையாகக் கூட இருந்தது :-)

இரவில் குடியிருப்பு அழகாக இருப்பது உள்ளே ஆட்கள் இருப்பதால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மர்லின் மன்றோவை நான் தினமும் வேலை முடிந்து வரும்போது பார்க்கிறேன். டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். ஒரு வீட்டில் மஞ்சள் விளக்கு, ஒரு வீட்டில் டிவியின் நீலம், ஒரு பால்கனியில் யாரோ கிறிஸ்துமஸ் சீரியல் பல்பு சுற்றியிருப்பார்கள், தீபாவளிக்கு அகல் வைக்கிற வீடுகளும் உண்டு. அந்த முறுக்கு வளைவு தெரிவது இந்த வெளிச்சங்களால்தான். ஒவ்வொருவர் தூங்கப் போகப் போகக் கோபுரமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூங்கும். கரமனையில் நாங்கள் செய்திருப்பது ஆளில்லாத வீட்டுக்குத் தோரணம் கட்டினது.

வெளிச்சமும் கோபுரமும் எங்கள் ஊருக்குப் புதிது இல்லை. பத்மநாபசுவாமி கோவில் கிழக்குக் கோபுரம் ஏழு நிலை, சுமார் நூறு அடி. மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாக வருகிற நாட்களில், மேற்கே இறங்குகிற சூரியன் அந்தக் கோபுரத்தின் வாசல்கள் வழியாக ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டே வரும். கிழக்கே கோட்டை வாசல் பக்கம் கேமராவோடு கூட்டம் கூடும். வருஷத்துக்கு இரண்டே தடவை. லட்சதீபம் ஆறு வருஷத்துக்கு ஒரு தடவை, 56 நாள் முறஜபம் முடிகிற ராத்திரி. அன்றைக்கு அத்தை நடுராத்திரி வரைக்கும் கோட்டையில் நின்றிருக்கிறாள். அவளுக்கு வெளிச்சத்தின் மேல் ஒரு விரோதமும் கிடையாது. "அதுக்கு ஒரு நாள் உண்டு. முடிஞ்சா அணைச்சுடுவா. இது தெனம் ஆக்கும்."

சரி, என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். சங்கத்துக்கு ஒரு நீளமான கடிதம் எழுதினேன். விளக்கை மொத்தமாகப் பிடுங்கச் சொல்லவில்லை. வாசலிலும் கார் நிறுத்துமிடத்திலும் படிக்கட்டிலும் வெளிச்சம் வேண்டும், அதில் பேச்சே இல்லை. விமானங்களுக்காக உச்சியில் இருக்கிற சிவப்பு விளக்கு பாதுகாப்புக்கானது, அதைத் தொடக் கூடாது, விமான நிலையம் பக்கத்தில்தான் இருக்கிறது. நான் கேட்டது நாலு. அக்ரஹாரத்தைப் பார்க்கிற பக்கத்துப் பட்டைகள் வேண்டாம். மற்ற பக்கங்களில் கலர் மாறாமல் ஒரே மஞ்சள் நிறம். பத்து மணிக்கு டைமர் வைத்து அணைப்பது. நாலாவதாக, இனிமேல் வெளிப்பக்கத்தில் எதை மாற்றினாலும் பின்தெருவிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்பது. வெளிச்சுவருக்கு பெயின்ட் அடிக்கக் காசு கொடுப்பது நாம், ஆனால் அந்தச் சுவரைத் தினமும் பார்க்கிறவர்கள் அவர்கள் என்று எழுதினேன். கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டு, கண்ணாடி ஓட்டைப் பற்றியும் ஒரு பாரா.

முதல் பதில் மஸ்கட்டிலிருந்து. "சார், உங்கள் அத்தைக்கு ஒரு நல்ல கர்ட்டன் வாங்கிக் கொடுங்களேன்." ஓட்டுக்கு யாராவது கர்ட்டன் போடுவார்களா? இன்னொருவர், நீங்களே ஓட்டுப் போட்டீர்களே என்று மினிட்ஸை எடுத்துக் காட்டினார். நியாயம். ஆனால் எதிர்பாராமல் இரண்டு பேர் தனியாகப் போன் பண்ணினார்கள். ஒருவருடைய அம்மா கிள்ளிப்பாலம் பக்கம் வேறொரு கட்டிடத்தின் வெளிச்சத்தில் இதே பாடு படுகிறாராம். பூச்சி பற்றிக் கேட்ட அந்த மாமி கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்றும் வந்தது, அங்கே நிஜமாகக் குடியிருக்கிற ஒன்பது குடும்பங்கள் சேர்த்து. மூணு வாரம் இழுத்தடித்து, போன வெள்ளிக்கிழமை முடிவாயிற்று. ராத்திரி பதினொரு மணிக்குப் பட்டைகளை அணைப்பார்கள், ஒரு மாசத்துக்குப் பரிசோதனையாக. கலர் மாறுவது அப்படியே இருக்கும். உச்சியில் இருக்கிற பெயர்ப்பலகை கட்டினவர்களோடு போட்ட ஒப்பந்தத்தில் வருகிறது, அதை அணைக்க முடியாது. பின்தெருக்காரர்களைக் கூப்பிடுவது பற்றி அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார்கள்.

அத்தைக்கு உடனே போன் பண்ணிப் பெருமையாகச் சொன்னேன். "பதினொரு மணியா? நான் ஒம்பதுக்குப் படுக்கறவ ஆக்கும்" என்றாள். அப்புறம் என் குரல் போன போக்கைக் கேட்டுவிட்டு, "பரவாயில்லை போ, நான் அதுக்கு ஒரு வழி பண்ணிட்டேன்" என்றாள். பக்கத்து வீட்டுப் பையனை ஏணி வைத்துக் கூரை மேல் ஏறச் சொல்லி, கண்ணாடி ஓட்டின் மேல் கறுப்புத் தார்ப்பாய் ஒன்றை மடித்துப் போட்டு நாலு பக்கமும் கல் வைத்துவிட்டாளாம். மூணு ராத்திரியாக நன்றாகத் தூங்குகிறாள்.

"பகல்ல?" என்றேன்.

"பகல்ல டியூப் லைட்டைப் போட்டுக்கறேன். நாராயணீயம் படிக்க வெளிச்சம் வேண்டாமா? நீ டிசம்பர்ல வரச்சே நீயே ஏறி அதை எடு. அந்தப் பையனுக்கு ஓடு மிதிக்கத் தெரியலை, ரெண்டு உடைச்சுட்டான்."